எட்டு வாரப் படிப்பும் ஒரு பேரேடும்

ஆராய்ச்சி முறையியலை இணையத்தில் படிக்கச் சேர்ந்தால் முதல் வாரமே ஒரு வேலை வரும்: உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். காரைக்குடி வட்டாரத்திலிருந்து சேருகிறவர்கள் பெரும்பாலும் எழுதுவது ‘செட்டிநாட்டு வீடுகள் – ஓர் ஆய்வு’, ‘நகரத்தார் பண்பாடு’ என்பது போலத்தான். இவை தலைப்புகள். கேள்வி என்றால் அதற்கு விடை இருக்க வேண்டும், அந்த விடை தப்பாகவும் இருக்க வாய்ப்பிருக்க வேண்டும். ‘நகரத்தார் பண்பாடு’ என்பதற்கு எந்த விடையும் தப்பாக முடியாது. அதனால் அதைக் கொண்டு எட்டு வாரமும் ஒன்றும் செய்ய முடியாது.

தலைப்பைக் கேள்வியாக்க நான்கு இடத்தில் சுருக்க வேண்டும்: எந்த ஊர், எந்தக் காலம், எந்தப் பொருள், எந்தச் சான்று. ‘பர்மாத் தொழில் நொடித்தது செட்டிநாட்டை எப்படிப் பாதித்தது?’ என்று தொடங்குங்கள்; பர்மாத் தொழில் என்பது நகரத்தார் அங்கே நடத்திய வட்டித் தொழில். ஊரைச் சுருக்கினால் கானாடுகாத்தான். காலத்தைச் சுருக்கினால் 1930 முதல் 1937 வரை. பொருளைச் சுருக்கினால் கட்டடச் செலவு. சான்றைச் சுருக்கினால் ஒரு வீட்டுப் பேரேடு, அதாவது கணக்குப் புத்தகம். இப்போது கேள்வி இப்படி நிற்கும்: ‘கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பேரேட்டில், 1930க்கும் 1937க்கும் இடையே கட்டடச் செலவு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது?’ சின்னதாகத் தெரியும். ஆனால் எட்டு வாரத்தில் முடியும், முடிந்ததும் ஒரு புதிய செய்தி கையில் இருக்கும். கேள்வியைச் சோதிக்க ஒரே வழி போதும். விடை எந்தத் தாளில், யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் இன்னும் சுருக்க வேண்டும்.

படிப்பின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றிய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் ஐஐடிகளின் என்பிடெல் திட்டம் நடத்தும் பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று வரும். வாராந்தர ஒப்படைப்புக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. எட்டு வாரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்த ஆறு ஒப்படைப்புகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். சான்றிதழுக்கு ஒப்படைப்பில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 வாங்க வேண்டும். ஒப்படைப்புகள் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. அதில் முழு மதிப்பெண் வாங்கியும் ஒரு பழைய தாளைக் கையில் கொடுத்தால் திகைத்து நிற்கலாம். காணொளி சொல்வது வரையறைகளை. அந்தந்த வாரப் பாடத்தை அந்த வாரமே தன் கேள்வியின்மேல் போட்டுப் பார்த்தவருக்குத்தான் கை பழகும். காணொளிக்கு இரண்டு மணி நேரம் என்றால், செய்து பார்க்க நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தேடல் பற்றிய வாரம் வந்ததும் எல்லோரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து ‘செட்டிநாடு’ என்று போடுவார்கள். வருவது சொற்பம். நம் பொருளைப் பற்றி எழுதியவர்கள் அதை எந்தப் பெயரில் எழுதினார்கள் என்பது நமக்குத் தெரியாததுதான் காரணம். வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் ‘நாட்டுக்கோட்டை செட்டி’ என்று இருக்கும். எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்ட 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளில் அந்தத் தலைப்பில்தான் தேட வேண்டும். பர்மா ஆவணங்களில் ‘செட்டியார்’ என்பதன் ஆங்கில எழுத்தில் ‘ஐ’ போய் ‘ஒய்’ வந்திருக்கும். பிற்கால ஆய்வாளர்கள் ‘நகரத்தார்’ என்பார்கள். அதிலும் நூலகப் பட்டியல்கள் உச்சிக்கோடும் அடிப்புள்ளியும் வைத்து ‘ச’வுக்கு ‘சி’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருக்கும். காரைக்குடிக்கே ஒற்றைக் ‘கே’, இரட்டைக் ‘கே’ என இரண்டு எழுத்து முறை. ஒரு தாளில் இந்த வடிவங்களை எல்லாம் முதலில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை முடிவு வந்தது என்று தேதியோடு குறியுங்கள். அந்தத் தாள்தான் தேடல் பதிவேடு. அது இல்லாவிட்டால் ஐந்தாம் வாரம் இரண்டாம் வாரத்துத் தேடலையே திரும்பச் செய்துகொண்டிருப்பீர்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சொல் விலாசம். வட்டித் தொழில் செய்த கடைகள் முழுப்பெயரில் இயங்கவில்லை. தாத்தா, தகப்பன், மகன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த விலாசத்தில் இயங்கின. ஊரில் ‘மூனா கானா ஆனா’ என்று வாய்க்கு வாய் சொல்வது ரங்கூன் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளாக இருக்கும், பின்னால் ‘செட்டியார் ஃபர்ம்’ என்று வரும். ஆள் பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்காத குடும்பம் விலாசத்தைப் போட்டால் கிடைக்கும். அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது விலாசத்தைத்தான். ‘மு’ ஆங்கிலத்தில் ஓர் எழுத்தாகும், ‘அரு’ இரண்டாகப் பிரியும், ‘சி’யும் ‘சு’வும் ஒரே எழுத்தில் அடங்கும். இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்.

மாவட்டப் பெயரிலும் வழி தவறும். இன்று சிவகங்கை மாவட்டம் என்று சொல்வது 1985இல் பிறந்தது. 1910 முதல் அதுவரை இராமநாதபுரம் மாவட்டம், அதற்கும் முன் மதுரை மாவட்டம். அதே செட்டிநாட்டில் இராயவரம், அரிமளம் பக்கம் போனால் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அந்த ஊர்களின் பழைய அரசுத் தாள்களைச் சென்னை மாகாணக் கோப்புகளுக்குள் தேடுவது வீண். ஆகவே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் உங்கள் ஊர் எந்த ஆண்டில் யார் நிர்வாகத்தில் இருந்தது என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம். ஆனால் அதிலுள்ள தமிழ் ஆய்வேடுகளில் பல ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் தட்டியவை, அல்லது வெறும் படமாக வருடப்பட்டவை. உள்ளே ‘பேரேடு’ என்று அச்சாகியிருந்தாலும் தேடுபொறிக்கு அது தெரியாது. தலைப்பு, துறை, பல்கலைக்கழகம் வழியாக உள்ளே போய், பொருளடக்கத்தைக் கண்ணால் படிப்பதுதான் வழி. அழகப்பா பல்கலைக்கழகத்துத் தமிழ், வரலாற்றுத் துறை ஆய்வேடுகளை இப்படி ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தாலே பத்துப் பதினைந்து நல்ல நூற்பட்டியல்கள் தேறும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னைத் தரமணியில் அவர் பெயரிலேயே உள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. சொந்த மண்ணின் பழைய அச்சுக்காகக் காரைக்குடியிலிருந்து இரவு ரயில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுவதற்கு முன் அவர்கள் பட்டியலில் தேடி, வேண்டிய இதழின் ஆண்டையும் எண்ணையும் எழுதிக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம்.

இந்தப் படிப்பில் எங்களுக்கு மிகவும் உதவியது ஒரு எண்ணை அது பிறந்த இடம் வரை பின்தொடர்ந்து போகிற பழக்கம். இரண்டு எடுத்துக்காட்டுகள்.

‘பர்மாவின் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது’ என்று மேடையிலும் மலர்களிலும் படித்திருப்பீர்கள். எங்கிருந்து வந்தது? ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைக் காட்டும், அது ஒரு புத்தகத்தைக் காட்டும், புத்தகத்தின் அடிக்குறிப்பு ஓர் அரசு அட்டவணையைக் காட்டும். அட்டவணையில் இருப்பது முழு பர்மா இல்லை. கீழ் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களின் சாகுபடி நிலம். அதில் 1930இல் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் இறுதியில் அது 25 ஆயிற்று. இந்த ஏற்றத்துக்கும் அர்த்தம் வேறு. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலம் கைக்கு வந்தது. நிலம் வாங்கிக் குவித்ததாக மேடையில் கேட்கிற கதை, அட்டவணையைப் பார்த்தால் பணம் முடங்கிப்போன கதையாக மாறிவிடுகிறது. ‘13 மாவட்டம்’ என்ற இரண்டு சொல் எங்கோ ஒரு படியில் உதிர்ந்ததால் வந்த வினை.

அடுத்தது, செட்டிநாட்டு ஊர்கள் எத்தனை? 96 என்பது வழிவழியாகச் சொல்வது. 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலுக்குப் போன விண்ணப்பம் 73 கிராமங்களும் 2 நகரங்களும் என்கிறது. 75, 76, 78 என்றும் அச்சில் வரும். இதில் யாரையும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆதியில் குடியேறிய ஊர்களா, இன்று நகரத்தார் வீடுள்ள ஊர்களா, காரைக்குடியையும் தேவகோட்டையையும் நகரம் என்று தனியே வைத்தார்களா, கிராமத்தோடு சேர்த்தார்களா என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒப்படைப்பில் ‘சுமார் 75’ என்று மழுப்புவதைவிட, ‘இந்த ஆண்டில், இந்த ஆவணம், இதை எண்ணி, இத்தனை என்கிறது’ என்று எழுதினால் நான்கு சொல் கூடும். அந்த நான்கு சொல்தான் ஆராய்ச்சி.

இனிப் பேரேடு. காணொளியில் ‘முதன்மைச் சான்று’ என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். பேரேடு கைக்கு வரும்போது அது நீளவாக்கில் கட்டிய, ஓரம் பொடிகிற, பூச்சி துளைத்த தாள் அடுக்கு. அதைத் தொடும் முறை முக்கியம். கை கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில வருடத்தில் பசை பழுப்பேறித் தாளையும் எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தரையில் பழைய வேட்டியை விரித்து, முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஓர் அடிக்கோல். செல்பேசியைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடிக்க இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி நடுவே வைத்தால் கை நடுங்காது. முதல் படம் வீடு, ஊர், தேதி, ஏட்டின் எண் எழுதிய துண்டுச் சீட்டு. அடுத்து அட்டை. பிறகு வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கமும். வெற்றுப் பக்கத்தை விட்டால் பின்னால் பக்க எண் பொருந்தாது, இடையில் ஏதோ கிழித்ததாகச் சந்தேகம் வரும். நூறு பக்க ஏட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

படிக்க உட்கார்ந்ததும் முதல் தவறு பக்கத்தின் தலையிலேயே காத்திருக்கும். மேலே நடுவில் ‘உ’ போல ஒரு சுழி. தமிழ் எண் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் அதை ௨, அதாவது 2 என்று எடுத்து, ‘இரண்டாம் பக்கம்’ என்று குறித்துவிடுவார்கள். அது பிள்ளையார் சுழி. எல்லாப் பக்கத்திலும் அதே ‘2’ வருகிறதே என்று தோன்றும்போதுதான் புரியும். இதேபோல ௧ என்பது ‘க’ போல, ௫ ‘ரு’ போல, ௭ ‘எ’ போல, ௮ ‘அ’ போல. விலாசத்தில் வரும் ‘அ’வும் தொகையில் வரும் ௮உம் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும். எது எழுத்து, எது எண் என்பது இடத்தை வைத்துத்தான் தெரியும்: வரியின் இடப்பக்கம் பெயர், வலக்கோடியில் தொகை.

பழைய எண் முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி உண்டு: ௰, ௱, ௲. ௲௯௱௩௰௪ என்றால் ஆயிரம், ஒன்பது நூறு, மூன்று பத்து, நான்கு: 1934. இடையில் உள்ள குறிகளைத் தெரியாத எழுத்து என்று விட்டுவிட்டால் 934 ஆகிவிடும். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்த ஐந்தையும் ஓர் அட்டையில் எழுதி எதிரே வைத்துக்கொண்டால் பாதிப் பக்கம் திறந்துவிடும். பின்னக் குறிகளும் வரும். வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320.

ஆண்டில் இன்னொரு கண்ணி. ‘பிரமோதூத ௵ தை ௴’ என்று இருக்கும். அறுபது வருடச் சுற்றில் பிரமோதூத 1870–71ஆக இருக்கலாம், 1930–31ஆகவும் இருக்கலாம். தாள், மை, பக்கத்தில் வரும் பெயர்கள், ரங்கூன் கடை தொடங்கிய காலம் இவற்றை வைத்துத்தான் எந்தச் சுற்று என்று முடிவு கட்ட வேண்டும். 1930–31 என்று முடிவானாலும் வேலை முடியவில்லை. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை மாதம் 1931 ஜனவரிப் பாதியில் விழும். பிரமோதூத என்றாலே 1930 என்று போட்டுவிட்டால் தை, மாசி, பங்குனிச் செலவெல்லாம் ஓராண்டு முன்னால் போய், நொடிப்புக்கு முன்பே செலவு குறைந்தது போல வரைபடம் காட்டும். நிலவரி ரசீதில் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டு இருக்கும். அதனோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஜூலையில் தொடங்கும். பசலி 1340 என்பது 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை.

தொகையைக் கணினியில் ஏற்றும்போது நடக்கும் பிழைதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. 12-6-9 என்றால் 12 ரூபாய் 6 அணா 9 பை (பழைய சின்னக் காசு). அதை 12.69 என்று தட்டுவார்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. 6-ஐ 16ஆல் வகுத்தால் 0.375, 9-ஐ 192ஆல் வகுத்தால் 0.047. சரியான தொகை 12.42. நூறு பைசா முறை வந்தது 1957 ஏப்ரலில். அதற்கு முந்திய எந்த ஏட்டுக்கும் இந்தக் கணக்குதான். விரிதாளில் ரூபாய், அணா, பை மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்து, நான்காவதில் சூத்திரம் போடுங்கள். ஏட்டில் பக்கக் கடைசியில் எழுதியவரே கூட்டுத்தொகை போட்டிருப்பார். உங்கள் கூட்டல் அதோடு பைசாவுக்குப் பைசா ஒத்துப்போனால் நீங்கள் படித்தது சரி. ஒத்துப்போகாவிட்டால் பத்தில் ஒன்பது முறை தப்பு நம்முடையது. அடுத்தாள் என்று கணக்கெழுதியவர்கள் அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுத்தைப் படிக்கப் படிக்க மரியாதை கூடிக்கொண்டே போகும்.

ஏடு சொல்லாததை ஆட்கள் சொல்வார்கள். நேர்காணல் வாரத்தில் கேள்விப் பட்டியல் தயாரிக்கச் சொல்வார்கள். பட்டியலைப் பார்த்து வாசிக்கிற மாணவருக்கு ஆச்சிமார் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பொருளைக் காட்டிக் கேட்டால் பேச்சு வரும். “ஆச்சி, இந்தப் பட்டாலைக் கல்லுப் போட்டது எப்ப?” என்றால், “அது ஆச்சு ரொம்ப நாளு” என்பார்கள். “பர்மாச் சண்டைக்கு முன்னாடியா, பின்னாடியா ஆச்சி?” என்றால், “முன்னாடிதான். எங்க அப்பத்தா சொல்லும், கல்லு வந்து இறங்குன வருசந்தான் எங்க அப்பச்சிக்குக் கல்யாணம்னு” என்று ஆண்டைப் பிடிக்கக் கயிறு கிடைக்கும். அந்தக் கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதியிருப்பார்கள், அதில் தேதி இருக்கும். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தது, 1947 சுதந்திரம், அறுபதுகளில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியது: இந்த மூன்றும் நினைவைக் கட்டிப்போடும் முளைகள்.

பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள், கேட்டதும் அவர்கள் சரி என்றதும் பதிவிலேயே இருக்கட்டும். வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும், பொது. ஒரு பங்காளி சரி என்றார் என்பதற்காக எல்லோருடைய அறையையும் படம் எடுக்கக் கூடாது. பெட்டக அறை, சாமி வீடு, நகை, யாருடைய கடன் தொகை இவற்றைக் கேட்காமல் வெளியிடவே கூடாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். தானியங்கிச் செயலிகள் நம் ஊர்ப் பேச்சைத் திருத்தி ‘அப்பச்சி’யை ‘அப்பா’ ஆக்கிவிடக்கூடும். அதனால் முதல் வரைவைச் செயலியில் எடுத்தாலும் காதால் கேட்டு ஒரு முறை முழுக்க ஒத்துப் பார்க்க வேண்டும்.

மேற்கோள் வாரத்தில் ஜொட்டெரோ என்ற நூற்பட்டியல் மென்பொருளைப் பழகச் சொல்வார்கள். இலவசம், நன்றாக வேலை செய்யும். தமிழ்ப் பெயரில் மட்டும் கவனம்: கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மு. கதிரேசச் செட்டியார் ‘செட்டியார், மு. க.’ ஆகிவிடுவார்; செட்டிநாட்டைப் பற்றிய நூற்பட்டியலில் எல்லோரும் ‘செட்டியார்’ என்றே வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு பதிவிலும் பெயரை ஒற்றைப் பெட்டி முறைக்கு மாற்றி, ‘கதிரேசச் செட்டியார், மு.’ என்று நீங்களே தட்டுங்கள். குறிப்பெடுக்கும்போது அடுத்தவர் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள்ளும் பக்க எண்ணோடும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஒத்த பகுதி 10 சதவீதம் வரை தண்டனையில்லை, 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டு திரும்பக் கொடுக்க முடியாது. ஆனால் மென்பொருள் பிடிக்கிறதா என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். தமிழ் நூலிலிருந்து எடுத்ததை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எடுத்தவருக்குத் தெரியும், அது போதும்.

எட்டாம் வாரம் கட்டுரையைப் பதிவேற்றியபின் இன்னொரு பிரதி அச்செடுங்கள், பெரிய எழுத்தில், 16 புள்ளியில். பேரேட்டுப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு, படித்தெழுதிய பக்கங்களோடு அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு பென்சிலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால், ‘கொத்தனார் கூலி’ என்று நீங்கள் படித்திருந்த வரியை அடித்து, பக்கத்தில் ‘சுண்ணாம்பு’ என்று நடுங்குகிற எழுத்தில் ஆச்சி திருத்தியிருக்கலாம். அந்த வரியின் தொகையைக் கூலிப் பத்தியிலிருந்து எடுத்துச் சுண்ணாம்புப் பத்தியில் போட்டு, கூட்டலை மறுபடி பாருங்கள்.